ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? செட்டிநாட்டுச் சிறு நிறுவனங்களும் இரட்டைச் சரிபார்ப்பும்

சரக்கை எடுத்துச் செல்லத் தேவையான மின்சீட்டான இ-வே பில், மின் விலைப்பட்டியலான இ-இன்வாய்ஸ் ஆகியவற்றுக்கான அரசுத் தளங்களுக்குள் நுழையப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் போதும் என்ற நிலை 2025 ஏப்ரல் 1 அன்று முடிவுக்கு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 100 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 20 முதலும், 20 கோடியைத் தாண்டியவற்றுக்கு 2025 ஜனவரி 1 முதலும், 5 கோடியைத் தாண்டியவற்றுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும் கட்டாயமாக்கப்பட்ட இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொரு சான்றையும் கேட்பது), அந்த ஏப்ரலில் எஞ்சிய அனைவருக்கும் வந்து சேர்ந்தது.

செட்டிநாட்டில் இந்த மாற்றம் ஒரு தனிச் சிக்கலைக் கிளப்பியிருக்கிறது. இங்கே பல தொழில்களில் உரிமையாளர் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். பட்டறையையும் கணக்கையும் உள்ளூர்ப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஜிஎஸ்டி பதிவின்போது கொடுக்கப்பட்டது உரிமையாளரின் கைபேசி எண். ஆகவே ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றிய லாரி வாசலில் நிற்க, கணக்கர் வெளியூருக்குப் போன் செய்து, “ஆச்சி, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று கேட்கிறார். ஆச்சி கோயிலில் இருந்தால் லாரி காத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் கடந்தால் 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்கு இ-வே பில் இல்லாமல் நகர முடியாது என்பதால், இந்தக் காத்திருப்பு நேரடி நட்டமாகிறது.

இதைப் பார்க்கும் பலரும் “இரட்டைச் சரிபார்ப்பு வேலையைக் கெடுக்கிறது” என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த முடிவு தவறானது. வேலையைக் கெடுப்பது, பலர் சேர்ந்து ஒரே கணக்கைப் பயன்படுத்தும் பழைய வழக்கம். அது மாறாத இடத்தில் இரட்டைச் சரிபார்ப்பு தொல்லையாக மட்டுமே இருக்கும். பாதுகாப்பாக ஒருபோதும் ஆகாது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கடவுச்சொல் எப்படிக் கை மாறுகிறது

கடவுச்சொல்லை ஊகித்துக் கண்டுபிடிப்பதைவிட எளிய வழிகள் திருடர்களிடம் உள்ளன. ஒரு தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொல்லை வேறு நூறு தளங்களில் இயந்திரத்தனமாகப் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. இரண்டு இடங்களில் ஒரே சொல்லை வைத்திருப்பவர் அதில் சிக்குவார். உண்மைத் தளத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கத்தைக் காட்டி, உரியவரையே தட்டச்சு செய்ய வைப்பது மற்றொரு வழி. கணினிக்குள் தீய நிரலை நுழைத்து, உலாவியில் சேமித்து வைத்த அனைத்தையும் மொத்தமாக அள்ளுவது மூன்றாவது.

இவை பெருநகர நிறுவனங்களுக்கு மட்டும் உரிய ஆபத்துகள் அல்ல. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய வீடுகளை விடுதிகளாக நடத்துவோர் பெரிதும் நம்பியிருப்பவை வெளிநாட்டு அறை முன்பதிவுத் தளங்கள். 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓர் எச்சரிக்கை, புக்கிங்.காம் அனுப்பியது போன்ற போலி மின்னஞ்சல்களால் தெற்காசியா உள்ளிட்ட பல பகுதிகளின் விடுதி ஊழியர்கள் குறிவைக்கப்படுவதை விவரித்தது. விடுதியின் கணக்கு ஒருமுறை பறிபோய்விட்டால், அறை பதிவு செய்த விருந்தினருக்கு அதே கணக்கிலிருந்து “பணத்தை மீண்டும் செலுத்துங்கள்” என்ற செய்தி போகிறது. பெயரும் தேதியும் சரியாக இருப்பதால் விருந்தினர் நம்புகிறார். இழப்பு அவருக்கு, கெட்ட பெயர் விடுதிக்கு.

மூன்று வகைச் சான்றுகள்

ஒருவர் தம்மை யாரென்று நிறுவ மூன்று வகைச் சான்றுகள் உள்ளன: அவருக்குத் தெரிந்த ஒன்று (கடவுச்சொல், பின் எண்), அவர் கையில் உள்ள ஒன்று (கைபேசி, பாதுகாப்புச் சாவி), அவர் உடலில் உள்ள ஒன்று (கைரேகை, முகம்). இவற்றுள் இரு வேறு வகைகளைச் சேர்த்துக் கேட்பதே இரட்டைச் சரிபார்ப்பு. இரண்டு கடவுச்சொற்களைக் கேட்பது இதில் சேராது. இரண்டும் ஒரே வகை, இரண்டையும் ஒரே போலிப் பக்கம் ஒரே நேரத்தில் பறித்துவிடும்.

இந்திய வாடிக்கையாளர்களுக்கு இந்த முறை புதிதல்ல. இணையத்தில் கார்டு எண்ணைக் கொண்டு செய்யும் பரிவர்த்தனைகளுக்கு 2009 ஆகஸ்ட் 1 முதலே ரிசர்வ் வங்கி கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. ஆனால் வங்கிக் கணக்கு தனியொருவருடையது, ஓடிபியும் அவர் போனுக்கே வருகிறது. அலுவலகக் கணக்கைப் பலர் தொடுகிறார்கள். வீட்டில் இடறாத முறை கடையில் இடறுவது இதனால்தான்.

இரண்டாம் சான்றின் வடிவங்கள்

எல்லா வடிவங்களும் ஒரே வலிமை உடையவை அல்ல. வலிமை குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கி வரிசைப்படுத்தினால்:

1. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி. எந்தப் போனிலும் வரும் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி அதே எண்ணுக்கு வேறொரு சிம் வாங்கிவிட்டால் ஓடிபி திருடனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே இந்த வகைத் தாக்குதலில் பறிபோனது.

2. போனில் வரும் “ஆம், நான்தான்” என்ற ஒப்புதல் கோரிக்கை. எளிது, விரைவானது. ஆனால் 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், ஓர் ஒப்பந்தப் பணியாளருக்குத் தொடர்ந்து கோரிக்கைகளை அனுப்பிச் சலிப்பூட்டி, இறுதியில் ஒப்புதல் பெற்றே உள்ளே போனார். திரையில் தெரியும் எண்ணைப் போனில் இடச் சொல்லும் புதிய முறை இந்த ஓட்டையைப் பெருமளவு அடைக்கிறது.

3. சரிபார்ப்புச் செயலி. முதல்முறை கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஓர் இரகசிய எண் போனுக்குள் பதிவாகிறது. அதையும் அந்நேரக் கடிகாரத்தையும் சேர்த்துப் போனும் தளமும் தனித்தனியே கணக்கிட்டு, 30 நொடிக்கு ஒருமுறை புதிய ஆறிலக்க எண்ணை உண்டாக்குகின்றன. 2011 முதல் இது பொதுத் தரநிலையாக உள்ளது. சிக்னலும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும்.

4. பாதுகாப்புச் சாவியும் பாஸ்கீயும். யூஎஸ்பி சாவியாகவோ, போனின் பூட்டைக் கைரேகையால் திறந்து பயன்படுத்துவதாகவோ இவை அமைகின்றன. தளத்தின் முகவரியையும் சேர்த்தே இவை சரிபார்ப்பதால், போலிப் பக்கத்தில் இயங்கவே இயங்கா. 2017-இன் தொடக்கத்தில் சாவியைக் கட்டாயமாக்கிய பின், 85,000-க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களில் ஒருவருடைய பணிக்கணக்கும் போலிப் பக்க மோசடியில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018-இல் தெரிவித்தது.

முதல் மூன்றுக்கும் ஒரு பொது வரம்பு உண்டு. போலிப் பக்கம் ஓடிபியையும் கேட்டு வாங்கி, அந்தக் கணமே உண்மைத் தளத்தில் இட்டுவிட முடியும். ஆயினும் எதுவும் இல்லாததைவிடக் குறுஞ்செய்தி ஓடிபி பலமடங்கு மேல். இரட்டைச் சரிபார்ப்பு உள்ள கணக்கு பறிபோகும் வாய்ப்பு 99.9 விழுக்காட்டுக்கும் மேல் குறைகிறது என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் கூறியது.

இ-வே பில் தளத்தில் குறுஞ்செய்தி தவிர, அரசின் சந்தேஸ் செயலி, என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலி ஆகிய இரு வழிகளும் உள்ளன. இவற்றுள் ஷீல்டு, மேலே மூன்றாவதாகச் சொன்ன சரிபார்ப்புச் செயலி வகையைச் சேர்ந்தது. இணையமின்றி 30 நொடிக்கொரு எண்ணைக் காட்டுவது. தடித்த சுவர்களுக்குள் சிக்னல் குன்றும் பழைய கட்டடங்களில் கணக்கறை வைத்திருப்போருக்கு இதுவே ஏற்றது.

தடை இருக்கும் இடம்: பொதுக் கணக்கு

ஓடிபியைத் தொலைபேசியில் சொல்லி வாங்கும் வழக்கத்தில் என்ன நடக்கிறது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் சான்று “கையில் உள்ள பொருள்” என்பதால்தான் அதற்கு மதிப்பு. அதை வாயால் சொன்ன மறுகணமே அது இன்னொரு கடவுச்சொல்லாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய கேடு, நாள்தோறும் போனில் ஓடிபி கேட்பதும் சொல்வதும் அலுவலகத்தின் இயல்பான பேச்சாகிவிடுவது. அப்படிப் பழகிய ஒருவரிடம், ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரேனும் ஓடிபி கேட்டால், தயங்குவதற்கு அவருக்கு எந்தக் காரணமும் தோன்றாது. “ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, அதே மேசையில் நாளுக்குப் பத்து முறை ஓடிபி கேட்டு வாங்கும் அலுவலகம், தன் ஊழியரை ஏமாறுவதற்குப் பயிற்றுவிக்கிறது என்றே சொல்வேன்.

இதற்குத் தீர்வு தளத்திலேயே இருக்கிறது. இ-வே பில் தளத்தில் முதன்மைப் பயனர், தமக்குக் கீழே துணைப் பயனர்களை உருவாக்கலாம். ஒவ்வொரு துணைப் பயனருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனிக் கைபேசி எண். ஓடிபி அவரவர் எண்ணுக்கே போகும். யார் பில் உருவாக்கலாம், யார் வாகன எண்ணை மட்டும் சேர்க்கலாம், யார் ரத்து செய்யலாம் என்பதையும் முதன்மைப் பயனரே வரையறுக்கலாம். வேண்டாதபோது துணைக் கணக்கை முடக்கலாம். வளவு (உள்முற்றம்) உள்ள செட்டிநாட்டு வீட்டில் குடும்பம் ஒன்று, தலைவாசல் ஒன்று. ஆனால் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான இணைக்கும்) தனி அறையும் தனிப் பூட்டும் உண்டு. துணைப் பயனர் என்பது அதே ஏற்பாடுதான். வெளியூரில் இருக்கும் உரிமையாளரை இனி யாரும் அழைக்க வேண்டியதில்லை, லாரியும் நிற்காது.

கூகுள் பணியிட மின்னஞ்சல், பெரும்பாலான அறை முன்பதிவுத் தளங்கள், வங்கிகளின் நிறுவனக் கணக்குகள் ஆகியவற்றிலும் இந்த வசதி உண்டு. பலகாரக் கடைகள் ஆர்டர் வாங்கும் வாட்ஸ்அப்பில் வழி சற்று வேறு. அங்கே கணக்கு ஒரே எண்ணில் இருக்கும். ஆனால் முதன்மைப் போனிலிருந்து நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். ஆகவே தீபாவளி நெரிசலில் கூடுதலாக ஆள் உட்காரும்போது, அவருக்கு ஆறிலக்கப் பதிவு எண்ணைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இரட்டைச் சரிபார்ப்புக்கான ஆறிலக்கப் பின் எண்ணையும் அங்கே அமைத்துவிடுவது அவசியம். “தவறுதலாக உங்கள் போனுக்கு ஓர் எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்” என்ற ஏமாற்று, பின் இல்லாத கணக்குகளையே விழுங்குகிறது.

வெளியே இருக்கும் ஆடிட்டர் அலுவலகம் தனி வகை. வாடிக்கையாளரின் கடவுச்சொற்களை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஓடிபிக்கு அழைக்கும் நடைமுறை எங்கும் உள்ளது. எங்கெல்லாம் துணைப் பயனர் வசதி உண்டோ, அங்கெல்லாம் அவர்களுக்கும் தனிக் கணக்கு கேட்பதே முறை. அந்த வசதி இல்லாத தளங்களில், ஓடிபியைச் சொல்வது நிறுவனத்தின் ஒருவர் மட்டும் என்றும், முன்பே தெரிந்த எண்ணுக்கு அவரே திரும்ப அழைத்துத்தான் சொல்வார் என்றும் வைத்துக்கொண்டால் ஆபத்து குறையும்.

பணியாளர் ஏன் தயங்குகிறார்

நிர்வாகம் இதை “பழகாத கை” என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். தயக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் நியாயமான காரணங்கள் இருக்கின்றன.

“என் சொந்தப் போனில் கடைச் செயலியை எதற்குப் போட வேண்டும்?” என்ற கேள்வி அவற்றுள் முதன்மையானது. சரிபார்ப்புச் செயலி எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும் கருவி மட்டுமே. உரிமையாளருக்கு எதையும் அனுப்புவதில்லை, கியூஆர் குறியீட்டைப் படிக்கக் கேமராவைக் கேட்கும். இதை ஊழியரின் முன் செயலியைத் திறந்தே காட்ட வேண்டும். காட்டிய பின்னும் விருப்பமில்லை என்றால் வற்புறுத்துவது சரியல்ல. அலுவலகப் போனோ பாதுகாப்புச் சாவியோ வாங்கிக் கொடுப்பது நிறுவனத்தின் கடமை, ஏனென்றால் காக்கப்படுவது நிறுவனத்தின் சொத்து. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் இதே வழிதான். வேறு வழியில்லாதபோது குறுஞ்செய்தி.

“என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்பது வெளியே சொல்லப்படாத கேள்வி. நீண்ட காலம் உண்மையாக உழைத்த கணக்கரிடம் திடீரெனத் தனிக் கணக்கு, தனி அடையாளம் என்று பேசினால் அது கண்காணிப்பாகவே தோன்றும். உண்மையில் பொதுக் கணக்குதான் அவருக்கு ஆபத்து. ஓர் இ-வே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். பொதுக் கணக்கிலிருந்து ஒரு பில் தவறாக ரத்தாகிவிட்டால், கடவுச்சொல் தெரிந்த அனைவர் மீதும் சந்தேகம் விழும். தாம் செய்யவில்லை என்று நிறுவ எவருக்கும் வழியிருக்காது. தனிக் கணக்கில் அந்தப் பதிவே அவருக்குச் சாட்சி. இதை ஊழியரின் பக்கம் நின்று, அவருக்கான பாதுகாப்பாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் புரியாதவர் அரிது.

நேர இழப்பு பற்றிய அச்சம் எளிதில் தீரும். பல தளங்கள், கணக்கறைக் கணினியை நம்பகமான கருவியாகக் குறித்துக்கொள்ள அனுமதிக்கின்றன. அதன்பின் ஒவ்வொரு முறையும் எண் கேட்கப்படாது.

எந்த வரிசையில் செய்வது

விருப்பமுள்ளவர்கள் செய்துகொள்ளட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உள்ளது. விருப்பத்துக்கு விடப்பட்டிருந்த ட்விட்டரில், 2020-இன் பிற்பாதியில் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தவை இயங்கும் கணக்குகளில் 2.3 விழுக்காடு மட்டுமே. மறுபுறம், 2021-இல் 15 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களுக்குத் தானாகவே அதை இயக்கிய கூகுள், அவர்களிடையே கணக்குப் பறிபோவது பாதியாகக் குறைந்ததாக அறிவித்தது. ஐந்து பேர் கொண்ட அலுவலகத்திலும் நிலை இதுவே. நாள் குறித்து, உதவி செய்து, அந்த நாளுக்குப் பின் கட்டாயமாக்க வேண்டும்.

1. முதலில் பட்டியல். மின்னஞ்சல், வங்கி, ஜிஎஸ்டி, முன்பதிவுத் தளங்கள், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், இணையதளப் பெயர்ப் பதிவு என்று நிறுவனத்தின் கணக்குகளை எழுதி, ஒவ்வொன்றும் யார் எண்ணோடு, யார் மின்னஞ்சலோடு இணைந்திருக்கிறது என்றும் குறிக்க வேண்டும். முன்னாள் ஊழியரின் எண் எங்கேனும் இருந்தால் அது இப்போதே தெரிந்துவிடும்.

2. பொதுக் கணக்குகளைத் தனிக் கணக்குகளாகப் பிரிப்பது. இது முடியும் முன் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

3. மின்னஞ்சலில் தொடங்குவது. மற்றத் தளங்களின் “கடவுச்சொல் மறந்துவிட்டது” இணைப்புகள் எல்லாம் அங்கேதான் வருகின்றன; மின்னஞ்சல் போனால் அனைத்தும் போகும். இதற்கும், பணம் அனுப்பும் அதிகாரம் உள்ளவர்களுக்கும், தளம் அனுமதித்தால் பாதுகாப்புச் சாவியோ பாஸ்கீயோ பொருத்தமானது. மற்றவர்களுக்குச் செயலி போதும்.

4. உரிமையாளர் முதலில் செய்வது. தமக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொள்ளும் உரிமையாளரின் கணக்கே திருடன் தேடும் கணக்கு. ஊழியர்களும் அதைக் கவனிப்பார்கள்.

5. ஒவ்வொருவர் அருகிலும் உட்கார்ந்து அமைத்துக் கொடுப்பது. மாதாந்தரக் கணக்கு தாக்கல் செய்வோருக்கு விற்பனை விவரங்களைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதியும், வரிச் சுருக்கத்தைத் தரும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20-ஆம் தேதியும் கடைசி நாள் என்பதால், அந்த இடைவெளியைத் தவிர்க்க வேண்டும். பலகாரக் கடையில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களும், விடுதியில் குளிர்காலச் சுற்றுலா மாதங்களும் அப்படியே. நெரிசலில் புகுத்தப்பட்ட மாற்றத்தை ஊழியர்கள் நெரிசலின் எரிச்சலோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

போன் தொலைந்தால், ஆள் விலகினால்

போன் தொலைந்த அன்று கணக்குக்குள் நுழைய முடியாமல் போவதே எல்லோரும் அஞ்சுவது. அதற்கான ஏற்பாடு முதல் நாளே செய்யப்பட வேண்டும். கூகுள் போன்ற தளங்கள் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் மாற்று எண்களைத் தருகின்றன. கூகுளில் அவை பத்து. அவற்றை அச்சிட்டு, உறையிலிட்டு, பணம் வைக்கும் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். போனிலேயே படமெடுத்து வைத்தால் போனோடு சேர்ந்து அவையும் போகும். நிர்வாக அதிகாரம் இருவரிடம் இருப்பதும், பாதுகாப்புச் சாவியைப் பதியும்போதே இரண்டாவது சாவியையும் பதிந்துவிடுவதும் இதற்காகவே. பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தால், இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

ஊழியர் விலகும்போது அவருடைய துணைக் கணக்கை அன்றே முடக்க வேண்டும். இது அவர்மேல் உள்ள ஐயத்தால் அல்ல. யாரும் பார்க்காத கணக்கு யாருக்கும் தெரியாமலே திறக்கப்படும் என்பதால். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் குழாய்வழி எரிபொருள் நிறுவனத்தை முடக்கியவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லை என்று நிறுவனம் நினைத்திருந்த, இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய தொலைநுழைவுக் கணக்கின் வழியாகத்தான்.

சிம் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். துண்டிக்கப்பட்ட கைபேசி எண் 90 நாட்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம்; பழைய எண்ணோடு இணைந்த கணக்குகளின் ஓடிபி அப்போது முன்பின் தெரியாதவரின் போனுக்குப் போகும். ஆகவே ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம், ஊர் மாறியதால் மாற்றிய எண், வெளிநாடு போன உரிமையாளர் கைவிட்ட இந்திய எண் எதுவாயினும், பட்டியலில் உள்ள ஒவ்வொரு தளத்திலும் புதிய எண்ணைப் பதிந்து, ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகே பழையதை விட வேண்டும்.